ஆறுமணிக் குருவியும் ஏழு பாகம் சேறும்

தம்பிமாருக்கு,

கப்பலுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் நாலு விஷயம் எழுதித் தரும்படி வாசிகசாலைக்காரர் கேட்டு மூன்று மாதமாகிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு விஷயம் என்னிடம் இல்லை. ஒன்று இருக்கிறது. அதை எழுதுகிறேன்.

பாய் ஏற்றுவது, கயிறு முடிவது, நங்கூரம் தூக்குவது எல்லாம் இதில் வராது. கப்பலில் ஏறி ஒரு மாதம் போனால் அவை உங்கள் கைக்கு வந்துவிடும். வராதவனைச் சுக்கான் பிடிக்கிறவர் ஏசியே வரப்பண்ணுவார்.

வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல்களில் இருபத்தைந்து வருடம் வேலை செய்தேன். ஐம்பது வயதாகுமுன் முழங்கால் விட்டுவிட்டதால் இப்போது கரையில் இருந்து பாய் தைக்கிறேன். உங்களில் பலர் என்னிடம் பாய் கொடுக்க வருவீர்கள். "என்ன குருவியண்ணை, பாய் முடிஞ்சுதோ" என்று கேட்பீர்கள். நான் தலையை ஆட்டுவேன். அதற்கு மேல் கதைக்க எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அந்தக் குணத்தால் வந்த ஒரு சின்னச் சேதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பலுக்குப் போன முதல் வருடம், ஒரு பின்னேரம் குடிதண்ணீர்ப் பீப்பாவின் அடைப்பு இளகிச் சொட்டுவதைப் பார்த்தேன். என் கைக்கு அது இறுகவில்லை. சொல்லலாம் என்று போனால் கப்பலை நடத்துகிற தண்டையலும் மற்றவர்களும் ஏதோ கல்யாணப் பேச்சில் இருந்தார்கள். முடியட்டும் என்று நின்றேன். பேச்சு முடியவில்லை. நான் போய்ப் படுத்துவிட்டேன். விடியப் பார்த்தால் பீப்பாவில் கால்வாசிதான் தண்ணீர். இரண்டு நாள் ஆளுக்கு ஒரு நேரத்துக்கு ஒரு சிரட்டை. பின்னேரமே நான் அதைப் பார்த்திருந்தேன் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது.

இனிக் குருவியின் கதை.

பதினேழு, பதினெட்டு வருடத்துக்கு முன்பு நடந்தது. அப்போது எனக்கு முப்பது வயது. நான் இருந்த கப்பலில் ஆறு பேர். கப்பல் தண்டையலுடைய சொந்தக் கப்பல். அதைத் தவிர அவருக்கு வேறு ஒன்றும் இல்லை. அவருடைய பெயரை எழுத அவர் விரும்பமாட்டார் என்பதால் எழுதவில்லை. சுக்கான் பிடிப்பவர் கதிரேசண்ணை. கை நல்ல கை, வாய் பொல்லாத வாய். சமையல் சின்னையா. அவன் என் வயதுக்காரன். இன்னும் இரண்டு பேர் பாய் வேலைக்கு. எனக்கு ஆழம் பார்க்கிற வேலை.

ஆழம் பார்க்கிற ஈயக்குண்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கயிற்றில் கட்டி இறக்குவோம். எத்தனை பாகம் கயிறு போகிறதோ அத்தனை பாகம் ஆழம். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். குண்டின் அடியில் சின்னக் குழி உண்டு. அதில் கொழுப்பைத் திணித்து இறக்கினால் கடலடியில் இருப்பது அதில் ஒட்டிக்கொண்டு வரும். எங்கள் கரைக்குக் கிட்டவென்றால் கல்லுப் பொடியும் சிப்பித் துண்டும் வரும். நடுக்கடலென்றால் சாம்பல் நிறச் சேறு. மேற்கே கடலுக்குள் கிடக்கும் திட்டுகளுக்குக் கிட்டவென்றால் மாவு போன்ற மணல். மேலே ஒன்றும் தெரியாத நாளில் கப்பலுக்கு அதுதான் கண்.

அந்தக் கப்பலில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கரை கண்ணில் படும்வரைக்கும் கரை என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் கரை பின்வாங்கிப் போகும் என்பார்கள். ஒருமுறை சின்னையா பசியில், "கரைக்குப் போய் நல்ல ஒடியற் கூழ் குடிக்கவேணும்" என்று சொல்லிவிட்டான். கதிரேசண்ணை அவன் தலையில் ஒரு வாளி கடல் தண்ணீர் ஊற்றினார்.

"கூழ் எண்டுதானே அண்ணை சொன்னனான்."

"கூழுக்கு முன்னாலை ஒண்டு சொன்னாய். இந்தா, கூழுக்கு உப்பு."

அதனால் நாங்கள் சுற்றி வளைத்துத்தான் கதைப்போம். தண்ணீர் நிறம் மாறுகிறது என்போம். காகம் ஒன்று போகிறது என்போம். கேட்கிறவருக்கு விளங்கும். அப்படிக் கதைத்துப் பழகிப்போனதால் அதில் ஒரு குறை இருப்பதாக எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

ஐப்பசி மாதம். நாகபட்டினத்தில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தோம். அந்தப் பருவத்தின் கடைசிப் பயணம் அது. வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று பெருத்துவிட்டால் எங்கள் துறையில் கப்பல் நிற்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். பின்னேரம் பாய் விரித்தால் அடுத்த நாள் காலமை எங்கள் பனைகளின் தலை தெரியவேண்டும். தெரியவில்லை. நாலு பக்கமும் சாம்பல். தூறலும் பனிமூட்டம் போன்ற புகாருமாகக் கடலும் வானமும் ஒன்றாய்ப் போயிருந்தன. இரவு நடுவில் காற்று விழுந்து கிடந்தது. எவ்வளவு நேரம் விழுந்து கிடந்தது என்பதில் ஆளுக்கு ஓர் எண்ணம். நீரோட்டம் எங்களை எந்தப் பக்கம் இழுத்தது என்பதிலும் அப்படித்தான். தண்டையல் மாத்திரம் ஒன்றும் சொல்லாமல் முன்னும் பின்னும் நடந்தார். புகாருக்குள் இப்படியே தெற்கே ஓடினால் எங்கள் கரையின் கல்லில் ஏறிவிடலாம். ஓடாமல் நின்றால் வாடை வந்து பிடித்துக்கொள்ளும். அரிசி ஏற்றிய கப்பல் ஓரிடத்தில் தட்டித் தண்ணீர் உள்ளே போனால், அரிசி ஊதிப் பலகையையே பிளந்துவிடும். ஆறு பேருக்கும் தெரிந்த விஷயம்.

ஏழு, ஏழரை மணி இருக்கும். கதிரேசண்ணை திடீரென்று தலையைக் குனிந்தார். அவர் தலைக்கு மேலால் ஏதோ ஒன்று வந்து, பாய்மரத்தில் முட்டுவது போலப் போய், என் காலடியில் சுருட்டி வைத்திருந்த கயிற்றுக்குள் விழுந்தது.

குனிந்து பார்த்தேன். ஆறுமணிக் குருவி.

உங்கள் வீட்டு வேலிகளிலும் அது வரும். பார்த்திருக்கமாட்டீர்கள், சத்தம் கேட்டிருப்பீர்கள். காலை ஆறு மணிக்கும் பின்னேரம் ஆறு மணிக்கும் இரண்டு முறை சீட்டி அடித்த மாதிரிக் கூப்பிடும். பச்சை முதுகு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி, செட்டையில் ஒரு நீலப் பொட்டு, வாலடியில் சிவப்பு. வால் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அவ்வளவு நிறத்தையும் வைத்துக்கொண்டு ஒருவர் கண்ணிலும் படாமல் திரியும். வேலியடியில் கிடக்கும் சருகைப் புரட்டிப் புழு தின்னும். ஆளைக் கண்டால் தத்தித் தத்திப் பற்றைக்குள் போய்விடும். எங்கள் வளவில் கிணற்றடிக்குப் பின்னால் கிளுவை வேலி. ஒவ்வொரு ஐப்பசியும் ஒன்று அங்கே வந்துவிடும். தண்ணீர் அள்ளப் போகும்போது அசையாமல் நின்றால் அதைப் பார்க்கலாம். அசையாமல் நிற்பது எனக்குச் சுலபம். அதனால் ஊரில் மற்றவர்களைவிட நான் அதை நன்றாக அறிவேன் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது.

மழை தொடங்கியதும் வன்னிக் காட்டிலிருந்து அது வருகிறது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது வேலிக்கு மேலே பறந்து நான் கண்டதில்லை.

எல்லோரும் சுற்றி வந்து நின்றார்கள். குருவி கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது.

"உதென்ன கிளியோ?" என்றான் சின்னையா.

"கிளிக்கு வால் இருக்குமடா. உனக்குத்தான் ஒண்டும் தெரியாதே" என்றார் கதிரேசண்ணை.

ஆறு பேரில் அது என்னவென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த நேரத்தில் வாய் தானாகத் திறந்தது.

"உது எங்கடை வேலிக் குருவி. ஆறுமணிக் குருவி. உதுக்குப் பறக்கவே வராது. வேலியடியிலை தத்தித் திரியிற சாதி" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தண்டையல் நடப்பதை நிறுத்திவிட்டார்.

"பறக்க வராதோ?"

"வேலி உயரத்துக்கு மேலை போறதை நான் ஒருநாளும் காணேல்லை அண்ணை."

"நல்லாத் தெரியுமோ?"

"எங்கடை கிணத்தடியிலை ஒவ்வொரு வருசமும் நிக்கும்."

கரை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பறக்க முடியாத வேலிக் குருவி கப்பலில் விழுந்தால் வேலி எவ்வளவு தூரத்தில் இருக்கவேண்டும் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் அளந்துகொண்டார்கள். பாய்க்காரர் இரண்டு பேரும் சிரித்தார்கள். சின்னையா உலை வைக்கப் போனான். என் முதுகில் ஒருவர் தட்டினார். அந்தக் கப்பலில் ஏழு வருடம் இருந்தும் என் முதுகில் ஒருவரும் அப்படித் தட்டியதில்லை. அந்தத் தட்டு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதவேண்டும். எழுதாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

தண்டையல் வானத்தையும் பாயையும் பார்த்தார். பிறகு, "மேற்கை பிடி" என்றார்.

அவர் செய்தது சரியான வேலை. கரை ஒரு மைல், இரண்டு மைலுக்குள் இருந்தால் புகாருக்குள் அதை நோக்கி ஓடக் கூடாது. அதற்குப் பக்கவாட்டில் மேற்கே ஓடி, புகார் விலகியதும் இடம் பார்த்துத் திரும்பவேண்டும். என் சொல் சரியாக இருந்திருந்தால் அவருடைய தீர்ப்பும் சரிதான்.

திரும்பியதும் ஈயத்தை இறக்கச் சொன்னார். இறக்கினேன்.

"ஏழு பாகம்."

"அடி என்ன?"

"சேறு."

அவர் புருவத்தைச் சுருக்கினார். "மழைத் தண்ணி இழுத்துக்கொண்டு வந்த சேறாக்கும்" என்றார். நான் கயிற்றைச் சுற்றினேன். எங்கள் பக்கத்தில் மழைத் தண்ணீர் கடலுக்கு அவ்வளவு சேறு கொண்டுவர ஆறு ஏது? அவருக்கும் தெரியாததல்ல. குருவியை நம்பிய பிறகு சேற்றுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அவர் அதைக் கண்டுபிடித்தார்.

அரை மணி கழித்து மறுபடி. ஏழு பாகம், சேறு. இந்த முறை அடி என்னவென்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்றாவது முறை ஆறரை பாகம். கொழுப்பைத் திருப்பிப் பார்த்தேன். சேற்றுக்குள் மாவு போல மணல் கலந்திருந்தது. பெருவிரலால் தேய்த்தேன். கல்லுப் பொடி ஒன்றுகூட இல்லை. சிப்பி இல்லை. நான் அந்தக் கரையில் பிறந்தவன். அந்தக் கடலடி என் கைக்குத் தெரியும். இது அதுவல்ல.

"ஆறரை" என்று மாத்திரம் சத்தமாகச் சொன்னேன்.

குருவியை ஒரு பழைய பனையோலைக் கடகத்தின் கீழ், காற்றுப் போகும்படி ஒரு பக்கம் தூக்கி வைத்திருந்தேன். அதன் பக்கத்தில் போய்க் குந்தினேன். சின்னையா ஒரு பிடி சோறு கொண்டுவந்து கடகத்துக்குள் போட்டான். குருவி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"பெரிய இடத்துப் பிள்ளை. எங்கடை சோறு இறங்காது" என்றான்.

"சின்னையா, உது எங்காலை வந்தது? பாத்தனியோ?"

"பாக்காமல்? கதிரேசண்ணைக்கு முத்தம் குடுக்கவெல்லோ வந்தது. பின்னாலை இருந்து."

பின்னால் இருந்து. நானும் பார்த்தேன். அவர் குனிந்ததைப் பார்த்தேன். அவர் தலைக்கு மேலால் அது வந்ததைப் பார்த்தேன். கப்பல் அப்போது தெற்கே முகம் வைத்து ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் என்றால் வடக்கு. வடக்கே எங்கள் வேலி இல்லை. நாங்கள் விட்டுவந்த இந்தியாதான் இருக்கிறது. போதாததற்குக் காற்று வாடை. எங்கள் கரையிலிருந்து ஒரு குருவி அள்ளுப்பட்டு வருவதென்றால் காற்றை எதிர்த்து அள்ளுப்படவேண்டும். அப்படி ஒரு காற்று உலகத்தில் இல்லை.

அது எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான். அதைக் கொண்டு நான் சொன்னது பிழை. நாங்கள் எங்கள் கரைக்குக் கிட்ட இல்லை. நடுக்கடலில் நின்று மேற்கே திரும்பி, திட்டுப் பக்கமாக ஓடிக்கொண்டிருக்கிறோம். வடகிழக்கில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பின்னேரத்துக்குள் வாடை பெருக்கும். அந்த நேரத்தில் திட்டு எங்களுக்குக் காற்றுக் கீழே இருக்கும், காற்று எங்களை அதன்மேல்தான் தள்ளும். பிறகு திரும்ப முடியாது.

இனித்தான் எனக்குக் கஷ்டம் வந்தது. போய்ச் சொல்ல எழும்பினேன். பாய்மரம் வரைக்கும் போனேன். தண்டையல் முன்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்துவிட்டேன். மறுபடி போனேன். பாய்க்காரர் ஒருவர், "என்ன, குருவிக்காரன் நடை பழகிறார்" என்றார். மறுபடி வந்து குந்தினேன்.

வெட்கம் ஒரு பக்கம். வாழ்க்கையில் ஒருமுறை வாய் திறந்து, எல்லோரும் கேட்டு, கப்பலின் முகத்தையே திருப்பிய சொல் அது. அதை நானே போய்ப் பிழை என்று சொல்லவேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. நான் எதைப் பிழை என்று சொல்வது? கரை கிட்ட என்று நான் சொல்லவே இல்லை. குருவியைப் பற்றித்தான் சொன்னேன். நான் சொல்லாததை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். கேட்டதைப் பற்றி ஒருவரும் கேள்வி கேட்கவும் இல்லை, கேட்க முடியவும் இல்லை, அந்தச் சொல்லை எடுக்கக் கூடாதே. இப்போது அதைத் திருப்பி எடுப்பதென்றால் எடுக்கக் கூடாத சொல்லையே எடுக்கவேண்டும். சுற்றி வளைத்து, "அண்ணை, சேறு கொஞ்சம் வேறை மாதிரிக் கிடக்கு" என்றால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்கப்படும்.

சொல்லாமல் இருந்தால் என்ன என்றும் நினைத்தேன். புகார் விலகலாம். தண்டையலே கண்டுபிடிக்கலாம். தண்ணீர்ப் பீப்பாவில் நின்றது போல இதிலும் நிற்கலாம். கையில் இருந்த மணலைப் பார்த்தேன். மூன்றாவது முறையாக எழும்பினேன். இந்த முறை ஈயக்குண்டையும் கையில் எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவனை வழியில் ஒருவரும் பகிடி பண்ணமாட்டார்கள் என்பது போல ஒரு நினைப்பு.

கதிரேசண்ணை விடவில்லை. "என்ன, குருவி இன்னும் ஏதும் சொன்னதோ?" என்றார்.

நான் தண்டையலிடம் போனேன்.

"அண்ணை, கரை கிட்ட இல்லை."

பாய்க்காரர் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்கள். சின்னையாவின் அகப்பை பானைக்குள் நின்றுவிட்டது. தண்டையல் மெதுவாகத் திரும்பினார். அவருடைய முகம் சிவந்திருந்தது.

"உந்தச் சொல்லை ஆர் எடுக்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான் காலமை சொன்னது பிழை அண்ணை."

"காலமை நீ உந்தச் சொல்லைச் சொல்லேல்லையே."

"சொல்லேல்லை. ஆனா அதைத்தான் சொன்னனான்."

நான் குண்டைத் திருப்பி அவர் முன் நீட்டினேன்.

"குருவி பின்னாலை இருந்து வந்தது. வாடைக்கு வந்தது. எங்கடை பக்கத்திலை இருந்து வந்திருக்க ஏலாது. சேறு காலமை தொடக்கம் இருக்கு. இப்ப மணல்."

அவர் கொழுப்பிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார். நாக்கில் வைத்தார். துப்பினார். இன்னொரு சிட்டிகை எடுத்துக் கொண்டுபோய்க் கதிரேசண்ணையின் உள்ளங்கையில் வைத்தார். கதிரேசண்ணை சுக்கானை விடாமல் ஒரு கையால் தேய்த்துப் பார்த்தார். அவருடைய வாயில் அந்த நேரம் பகிடி ஒன்றும் வரவில்லை.

"என்ன சொல்லுறாய்?" என்று தண்டையல் அவரைக் கேட்டார்.

"உது எங்கடை கல்லு இல்லை" என்றார் கதிரேசண்ணை.

"தெற்கை பிடி."

அவ்வளவுதான். என்னை ஏசவில்லை, புகழவும் இல்லை. எனக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றவேண்டும் என்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் அரை மணிக்கு ஒரு முறை இல்லை, கால் மணிக்கு ஒரு முறை ஈயம் இறக்கினேன். மணல் போய்ச் சேறு வந்தது. ஏழு, ஏழரை, ஏழு. சேறு, சேறு, சேறு. கரை ஒரு மைல் என்று நான் நினைக்கவைத்த இடத்திலிருந்து ஐந்து மணி நேரம் தெற்கே ஓடினோம். பின்னேரம் இரண்டரை மணி போலக் கொழுப்பில் ஒரு சிப்பித் துண்டு. அடுத்ததில் கல்லுப் பொடி. கொஞ்சத்தில் புகாருக்கு அடியில் ஒரு கோடு. பனைகள். வல்வெட்டித்துறைக்கு நன்றாக மேற்கே, மாதகல் பக்கம். கதிரேசண்ணைதான் முதலில் கண்டார். "கரை" என்றார். கண்டபின் சொல்லலாம்.

எங்கள் துறைக்குத் திரும்பிப் போகக் காற்று விடாது. தண்டையல் அதை நினைத்து ஒரு நிமிடமும் கழிக்கவில்லை. நேரே காரைநகரைச் சுற்றி, காற்றுக்கு மறைவான ஊர்காவற்றுறைக்குள் கொண்டுபோனார். இருட்டுப்படும் நேரம் நங்கூரம் போட்டோம். போட்டு முடியவும் வாடை வந்தது. மூன்று நாள் அடித்தது.

குருவியை முழுதாய் இருட்டுமுன் கரையில் ஒரு தாழம் பற்றைக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கடகத்தைத் தூக்கினேன். சின்னையாவும் வந்தான். அது எங்களைத் திரும்பிப் பார்க்காமல், தத்தித் தத்திப் பற்றைக்குள் போனது. வேலிக்கு மேலே போக மாட்டாதது போலத்தான் போனது.

"பறக்க வராது எண்டாய்" என்றான் சின்னையா.

"ஓம்."

"எங்களைவிட வடிவா வந்திருக்கு. அரிசி மூட்டையும் இல்லாமல்."

அன்றிலிருந்து எனக்குக் குருவி என்று பெயர். நீங்கள் அண்ணை சேர்த்து மரியாதையாகச் சொல்கிறீர்கள்.

அது எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. காற்றுக்குக் காத்து கோடிக்கரையில் நின்றபோது, அங்கே பற்றைக் காட்டில் விறகு வெட்டுகிற ஒருவரைக் கண்டேன். அவர் காலடியில் சருகுக்குள் அதே குருவி. ஒன்றல்ல, ஏழெட்டு. கேட்கலாமா என்று வெகுநேரம் நின்று, பிறகு கேட்டேன்.

"இது வருஷா வருஷம் வடக்க இருந்து வரும்ங்க. ரெண்டு மூணு நாள் இங்க கிடக்கும். அப்புறம் ஒரு சாயங்காலம் பாத்தா ஒண்ணு இருக்காது. எங்க போவுதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் கிணற்றடிக்கு. அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "இதுவா? இது பறக்கவே பறக்காதே" என்றார். பிறகு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் ஒருவர், அது வடக்கே வெகுதூரத்தில் மலையடிக் காடுகளில் முட்டையிடுகிற குருவி என்று எனக்குச் சொன்னார். எத்தனையோ வருடம் அசையாமல் நின்று பார்த்தேன். அது நடந்ததை மாத்திரம் பார்த்தேன். நான் பார்க்காதபோது அது என்ன செய்கிறது என்பதை யோசிக்கவில்லை.

எழுதவேண்டிய கடைசி விஷயம் இதுதான். அடுத்த வருடம் பருவம் தொடங்கி முதல் பயணம் போனோம். தெளிந்த நாள். ஒரு பயமும் இல்லை. தண்டையல் வழமை போல ஈயம் இறக்கச் சொன்னார்.

"எட்டுப் பாகம்."

"அடி என்ன?"

"சேறு."

நான் கயிற்றைச் சுற்றத் தொடங்கினேன். அவர் போகவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேறை?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. ஆழமும் அடியும் சொன்னால் என் வேலை முடிந்தது. அதற்கு மேல் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

"வேறை என்ன அண்ணை?"

"எனக்கென்ன தெரியும்? நீயெல்லோ கீழை பாக்கிறாய். வேறை ஏதும் இருந்தால் சொல்லு."

அன்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் ஒருமுறையும் அதைக் கேட்காமல் விட்டதில்லை. ஆழம், அடி, வேறை. அந்தக் கப்பலில் இருந்து வேறு கப்பல்களுக்குப் போனவர்கள் அந்தக் கேள்வியையும் கொண்டுபோனார்கள். இப்போது உங்கள் கப்பல்களில் அது ஒரு வழமையாகிவிட்டது. போன மாதம் துறையில் பாய் அளக்கப் போனபோது, உள்ளே வந்துகொண்டிருந்த ஒரு கப்பலிலிருந்து அது என் காதில் விழுந்தது. ஒரு தண்டையல், "வேறை?" என்றார். ஈயம் இறக்கிய தம்பி கயிற்றைச் சுற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "ஒண்டுமில்லை" என்றான். கேள்வி முடியுமுன்னே, அவ்வளவு கெதியாகச் சொன்னான்.

அந்தக் கேள்வி வாய் வராத ஒருவனுக்காகக் கேட்கப்பட்டது. உங்களில் என்னைப் போல ஒருவன் கட்டாயம் இருப்பான். அவன் பாய்மரம் வரைக்கும் வந்து திரும்பிப் போகாமல் இருக்கத்தான் அது. ஆகவே உங்களிடம் கேட்கும்போது ஒரு மூச்சு விட்டுச் சொல்லுங்கள். கேட்கிறவராக நீங்கள் வந்தபின் அந்த ஒரு மூச்சுக்குக் காத்து நில்லுங்கள்.

நீங்கள் தந்த பாயைத் தைத்து வைத்திருக்கிறேன். இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறது. வந்து எடுக்கலாம்.